நேப்பாளப் பயணமும் நாம் கேட்க மறந்த கேள்வியும்



வரும் டிசம்பர் விடுமுறையில் எங்கள் பள்ளி ஆசிரியர் சிலரும் பெற்றோர் சிலரும் பிள்ளைகளுடன் நேப்பாளம் சென்று வரலாம் என்று முடிவு செய்துள்ளோம். இது பள்ளியின் அதிகாரப்பூர்வப் பயணமன்று. குடும்பங்கள் கூடிச் செல்லும் பயணம். காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் கோயில்களையும் பழைய நகரங்களையும் காண்பது, பின்னர் வழிகாட்டியின் துணையோடு சில நாள் மலைப்பாதையில் நடப்பது ஆகிய இரண்டும் எங்கள் நோக்கம். ஏற்பாட்டுப் பொறுப்பு அடியேனிடம் வந்து சேர்ந்தது.

மூன்று சுற்றுலா நிறுவனங்களிடம் விலைப்பட்டியல் பெற்றேன். நம்மில் பெரும்பாலோர் செய்வதையே நானும் செய்தேன். கடைசி வரியிலுள்ள தொகையை முதலில் பார்த்தேன். மிகக் குறைந்த தொகை கேட்ட நிறுவனம் ஏழே நாளில் காட்மாண்டு, போக்கரா, பூன் ஹில், முக்திநாத் அனைத்தையும் காட்டுவதாக எழுதியிருந்தது. கூட்டத்தில் அதற்கே ஆதரவு பெருகியது. எனக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான்.

மறுநாள் காலை, அந்தத் தாளைப் பள்ளி வாயிற்காவலரிடம் காட்டினேன். அவர் நேப்பாளத்தவர். நான்கு ஆண்டுகளாக எனக்காக வாயிற்கதவைத் திறந்துவிடுபவர். அவருடைய ஊர் எங்கே என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மலேசியாவுக்கு வருமுன் இரண்டு பருவங்கள் அதே மலைப்பாதையில் பயணிகளின் பைகளைச் சுமந்தவராம் அவர். தாளை நிதானமாகப் பார்த்துவிட்டு மலாய் மொழியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“பை தூக்குபவன் இரவில் எங்கே படுப்பான், சிக்கு?”

என்னிடம் விடையில்லை. பட்டியலில் எங்கள் விடுதி, உணவு, ஊர்தி எல்லாம் இருந்தன. எங்கள் பைகளைச் சுமக்கப்போகும் மனிதர் ‘சுமை வசதி உண்டு’ என்ற மூன்று சொற்களுக்குள் மறைந்திருந்தார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்வியே.

மலிவு எங்கிருந்து வருகிறது?

மூன்று பட்டியல்களுக்கும் இடையே ஆளுக்குச் சில நூறு ரிங்கிட் வேறுபாடு இருந்தது. விமானக் கட்டணத்தில் பெரிய வேறுபாடில்லை. அன்னபூர்ணாப் பாதுகாப்புப் பகுதியின் நுழைவு அனுமதிக்குக் கட்டணம் எல்லாருக்கும் ஒன்றே. அப்படியானால் மிச்சம் எங்கே பிடிக்கப்படுகிறது? நாள்களைக் குறைப்பதிலும் சுமையாள்களைக் குறைப்பதிலும்தான். நான்கு பேர் சுமக்க வேண்டியதை இருவர் சுமந்தால் கணக்கு இறங்கும். காப்புறுதியும் குளிருக்கேற்ற உடையும் தராவிட்டால் இன்னும் இறங்கும்.

1997-ஆம் ஆண்டு நேப்பாள மலையில் உயர நோயால் கடுமையாக நலிவுற்ற இளஞ்சுமையாள் ஒருவர், கூலி கொடுக்கப்பட்டுத் தனியாகக் கீழே அனுப்பப்பட்டார். அவர் இறந்துபோனார். சுமையாள்களின் பாதுகாப்புக்கென ஒரு பன்னாட்டு அமைப்பு தோன்ற அந்தச் சாவே காரணமாயிற்று. பயணியின் உயிருக்குள்ள மதிப்பே சுமப்பவரின் உயிருக்கும் உண்டு என்பதுதான் அதன் கோரிக்கை. உடை, உறைவிடம், உணவு, மருத்துவம், மீட்பு ஆகிய அனைத்தும் அவருக்கும் கிடைக்க வேண்டும்.

“நாம் பணம் கொடுக்கிறோம், அவர்கள் வேலை செய்கிறார்கள். இதில் நாம் ஏன் தலையிட வேண்டும்?” என்று ஒரு பெற்றோர் கேட்டார். அவர் கேள்வியில் நியாயமில்லாமல் இல்லை. அந்த வேலை அவர்களுக்குத் தேவைதான். ஆனால் இரப்பர் தோட்டத்தில் காண்டாக் கம்பில் பால்வாளி சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எடை போடும் இடத்தில் நம் பாட்டன்மார் எப்படி நடத்தப்பட்டார்கள் என்ற கதைகளை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். இன்று நாம் சுமை கொடுக்கும் இடத்தில் இருக்கிறோம். அங்கே எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவசரம் என்னும் ஆபத்து

ஏழு நாள் திட்டத்தில் இன்னொரு குறையும் இருந்தது. போக்கரா ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து சிறு விமானத்தில் சோம்சோம் சென்று, ஊர்தியேறி அதே நாளில் 3,700 மீட்டருக்கும் மேலுள்ள முக்திநாத்தை அடைவதாகத் திட்டம். “நாங்கள் கினாபாலுவே ஏறியவர்கள்” என்றார் நண்பர் ஒருவர். கினாபாலு 4,095 மீட்டர் என்பது உண்மை. ஆனால் ஒரு முறை ஏறி இறங்கியவருக்கு அடுத்த முறை உயர நோய் வராது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் உறங்கும் உயரத்தை ஏறத்தாழ 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பது மருத்துவர்கள் கூறும் பொது விதி. தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல் ஆகியவை தோன்றினால் மேலே செல்லக்கூடாது. முற்றினால் உடனே இறங்க வேண்டும். சிறு பிள்ளைகள் தங்களுக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாமல் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

முக்திநாத்தை விடுவது எளிதன்று. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அதுவே என்பது வைணவ மரபு. குழுவிலுள்ள ஒரு பாட்டியார் அதற்காகவே பணம் சேர்த்து வைத்திருக்கிறார். பெரியவர்கள் தனியாக, கூடுதல் நாள்களுடன், மருத்துவர் ஆலோசனை பெற்றுச் செல்வதே முறை என்று நான் சொன்னேன். பாட்டியார் இன்னும் என்னுடன் சரியாகப் பேசவில்லை. ஆயினும் என் கருத்தில் மாற்றமில்லை.

காளி கண்டகி ஆற்றின் சாளக்கிராமக் கற்களைப் போக்கராக் கடைகளிலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம். அவற்றின் சுருள், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டு என்னும் உயிரியின் புதைபடிவம். இமயம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்பதை உள்ளங்கையில் வைத்துக் காட்டும் பாடம் அது. பக்தியும் அறிவியலும் ஒரே கல்லில் இருப்பதைப் பிள்ளைகள் காணட்டுமே.

எங்கள் புதிய திட்டம்

இப்போது பன்னிரண்டு நாள் என்று மாற்றியிருக்கிறோம். உல்லேரி வழியாகக் கோரேபானி, பூன் ஹில், தாடாபானி, காந்துருக் என ஒரே ஒரு நடைபாதை. மிக உயரமான இடமான பூன் ஹில் 3,210 மீட்டர். உல்லேரி வரை இப்போது ஜீப் செல்கிறது. ஆயினும் அந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்படிகளை நடந்தே ஏறுவோம். பத்துமலையின் 272 படிகளை மூச்சுவிடாமல் ஓடி ஏறும் நம் பிள்ளைகளுக்கு நிதானம் என்றால் என்னவென்று அந்தப் படிகள் சொல்லிக்கொடுக்கும்.

காந்துருக்கில் வேண்டுமென்றே கூடுதலாக ஓரிரவு சேர்த்தோம். அது குருங் இனத்தவரின் சிற்றூர். கூர்க்காப் படைகளில் குருங் இனத்தவர் பெருமளவில் சேர்ந்தவர்கள். 1948 முதல் 1960 வரை மலாயாவின் அவசரகாலத்தில் அப்படைகள் நம் காடுகளில் பணியாற்றின. வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி அங்கே முகமும் வீடும் உடையதாக மாறும்.

பசுபதிநாதர் கோயிலின் தலைமை அர்ச்சகர்கள் மரபுப்படி தென்னிந்தியாவிலிருந்து வருபவர்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்போம். பாக்மதிக் கரையில் சிதை எரியும்போது கைப்பேசியை வெளியே எடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்வோம். பிறர் துயரம் நமக்குக் காட்சிப்பொருள் அன்று.

முன்பணம் கட்டுமுன்

2023 ஏப்ரல் முதல், வெளிநாட்டவர் பல மலைப்பாதைகளில் உரிமம் பெற்ற வழிகாட்டியுடனேயே நடக்க வேண்டும் என்று நேப்பாளம் விதித்துள்ளது. ஆகவே வழிகாட்டி எப்படியும் வருவார். நாம் கேட்க வேண்டியவை வேறு.

1. சுமையாள் ஒருவருக்கு எத்தனை கிலோ? எங்கள் முடிவு: ஒரு பை 8 கிலோ, ஒருவருக்கு இரண்டு பை, அதற்கு மேல் இல்லை.

2. அவர் பதினெட்டு வயது நிறைந்தவரா? அவருக்குக் காப்புறுதி உண்டா?

3. அவர் எங்கே உண்பார், எங்கே உறங்குவார்?

4. ஒரு பிள்ளை நோயுற்றால் யார் உடன் இறங்குவார்? ஹெலிகாப்டர் மீட்புக்குக் காப்புறுதி உண்டா?

5. ஒரு நாள் தாமதமானால் திட்டம் தாங்குமா?

இவற்றுக்குத் தெளிவாக விடை தந்த நிறுவனம் மலிவானதன்று. செலவு கூடியதால் ஒரு குடும்பம் விலகிக்கொண்டது. அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. எல்லாருக்கும் எல்லா ஆண்டும் இயலாது. ஆனால் செலவைக் குறைக்க வேண்டுமானால் ஓர் ஆண்டு தள்ளிப் போவோம். பிறர் முதுகில் குறைக்க வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு.

திருத்திய தாளைக் காவலரிடம் காட்டினேன். கோரேபானியில் இரண்டு இரவு போட்டது நல்லது என்றார். மறுநாள் வாயிலில் நின்றபடி பிள்ளைகளுக்கு ஒரு நேப்பாளச் சொல்லும் கற்றுக்கொடுத்தார்: “பிஸ்தாரை, பிஸ்தாரை.” மெதுவாக, மெதுவாக என்று பொருள். அன்று முழுவதும் பள்ளி நடைவழியில் அதே சத்தம்தான்.

“நீங்களும் அப்போது ஊருக்குப் போவீர்களா?” என்று கேட்டேன். டிசம்பரில் தமக்கு விடுப்பு இல்லை என்றார். அவருடைய வீட்டுக்கு ஏதேனும் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று விசாரித்து வருகிறேன். அதற்கென என் பையில் இரண்டு கிலோ ஒதுக்கியிருக்கிறேன். அதையும் சேர்த்தே எட்டு.