நடுத்தளம்

மென்பொருளை மூன்று தளங்களாக அமைத்தல் இன்றைய வழக்கு. மேலது கண்காணும் திரை. கீழது தரவுக் களஞ்சியம். நடுவணது எடுத்துக்கொண்ட துறையின் பொருள்களையும் விதிகளையும் தாங்கும் மாதிரி. நடுத்தளம் வழுவின் அனைத்தும் வழுவாம்.

2004 டிசெம்பர் 26 இற் கடற்கோள், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நாவலடியைச் சூறையாடிற்று. அவ்வழிவின் பின் இலங்கை மென்பொருளாளர் தொண்டுள்ளத்தோடு ‘சகானா’வை ஆக்கினர். காணாமற்போனோர், முகாம், உதவி நிறுவனம் என்பன அதன் பொருள்கள். பிற்காலத்திற் பைதன் மொழியில் அது புதிதாக எழுதப்பட்டபோதும் அப்பொருள்கள் நிலைத்தன. நடுத்தளத்தின் வலிமை அதுவே.

எனினும் ஒன்று சிந்திக்கற்பாலது. தமிழர் பெரும்பாலார்க்குப் பரம்பரைக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். மேனாட்டு முறையிற் குடும்பப்பெயர்கொண்டு உறவை இணைக்கும் மாதிரியொன்றில், ஒரே முகாமிலுள்ள தந்தையும் மகளும் இரு குடும்பத்தினராவர். திரை எத்துணை அழகியதாயினும் அக்குறையைத் தீர்க்காது.

ஆதலின் துறையறிந்தோரும் நிரல் எழுதுவோரும் ஒருங்கமர்ந்து, ஒரு சொல்லை ஒரே பொருளில் வழங்கல் வேண்டும். எரிக் எவன்ஸ் 2003 இல் வெளியிட்ட தம் நூலில் வற்புறுத்தியதும் இதுவே. கல்லூரிச் செல்வர்களே! கணினி நூலோடு கிராம உத்தியோகத்தரின் பதிவேட்டையும் கற்பீர்களாக.