வாய்க்காலுக்கு அப்பால்

காற்றுக்குக் கண் இல்லை. ஆகவே அது சாதி பார்க்கவில்லை. கண் படைத்த நாம் பார்த்தோம்!

2018 நவம்பர் 16, விடியுமுன் கஜாப் புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிற்று. தென்னை சாய்ந்தது, மின்கம்பம் முறிந்தது, உப்பளம் சேறாயிற்று, குடிசைக் கூரை பறந்தது. ஆண்டவன் சீற்றம் என்றனர் சிலர். சீற்றமாம்! வங்கக் கடலில் பிறந்ததை, வானிலை ஆய்வாளர் நாட்கணக்கில் தொடர்ந்து கண்காணித்து, வரும் வழியையும் முன்கூட்டி உரைத்தனரே! எச்சரிக்கை கேட்டு முகாமுக்குச் சென்றோரைக் காத்தது கருணையா, கணிப்பா?

புயல் ஓய்ந்தது. அரிசியும் பாயும் போர்வையும் ஏற்றிக்கொண்டு இளைஞர் விரைந்தனர். அந்த உள்ளத்தை வாழ்த்துகிறேன். ஆயினும் தோழர்களே, அத்தகைய வண்டியொன்றில் நானும் சென்றவன். கண்டதை மறைத்தல் அறமாகாது. வேதாரணியம் எனும் அச்சிறு நகரை அடுத்த ஓரிடத்தில், கோயில் முகப்பில் வண்டி நின்றது. "இறக்குங்கள், நாங்கள் பங்கிட்டுக் கொடுக்கிறோம்" என்றார் ஊர்ப் பெரியவர். இறக்கினோம். படம் எடுத்துக்கொண்டோம். திரும்பும் வழியில், வாய்க்காலுக்கு அப்பால், கூரையிழந்த சுவரருகே நின்ற உப்பளத் தொழிலாளி ஒருத்தி கேட்டாள்: "ஏன் தம்பி, எங்க சேரிக்கெல்லாம் வண்டி வராதா?" வெறும் வண்டியில் அமர்ந்து தலைகுனிந்தேன்.

பாதை இல்லை என்று எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். அங்கே மட்டும் பாதை ஏன் இல்லை என்று கேட்டோமா? கொடுப்பவன் வள்ளல், பெறுபவன் இரவலன் என்றால் அது தானம். தானம் மனிதனைக் குனிய வைக்கும். உழைத்து நாட்டின் செல்வத்தை உண்டாக்கியவனுக்கு நிவாரணம் உரிமை. உரிமையைப் பெறுபவன் நிமிர்ந்து நிற்பான்.

தென்னம்பிள்ளை காய்க்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். நம் தொண்டோ ஏழே நாளில் முடிந்தது! விழுந்த மரத்துக்கு இவ்வளவு என்று இழப்பீடு அளந்தனர், நல்லது. அது மரத்துக்கு உரியவனுக்கு. அம்மரத்தில் ஏறிக் காய் பறித்தவனுக்கு? அதன் கீற்றை முடைந்து வயிறு வளர்த்தவளுக்கு?

புயல் இன்னும் வரும். வங்கக் கடல் ஓயாது. அன்று முதல் மூட்டையைச் சேரியில் இறக்குங்கள். நிவாரணப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். விடுபட்டோர் பெயரை எழுதுங்கள். அலுவலகப் படியேறி வாதாடுங்கள். ஊர் மறந்த பிறகும் ஒருமுறை சென்று பாருங்கள். நூறு கல் பயணம் செய்து வந்து, அந்த ஒரு வாய்க்காலைத் தாண்ட மறுக்கும் கால், தொண்டனின் கால் அன்று!