சாவியைத் திருப்பிக் கொடுத்த பெரியப்பா

வீரசோழன் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைத்த அருந்ததியர் குடும்பம் எங்களுடையது. எங்களில் முதலில் தார்சு வீட்டில் படுத்தவர் பெரியப்பாதான். பக்கத்து நகரம் ஒன்றில் தூய்மைப் பணியாளர் வேலை, அதோடு ஒரு குவார்ட்டர்ஸ். பள்ளி விடுமுறைக்கு அங்கே போவது எனக்குப் பெரிய பெருமை.

ஆனால் அந்த வரிசை வீடுகளின் கழிவுத்தொட்டி நிறைந்து வாசலில் வழியும். ஊர்ச் சாக்கடையை அள்ளிவிட்டு வரும் பெரியப்பா, குளிக்கும் முன்பே வீட்டுச் சாக்கடையையும் குத்திவிடுவார். மனு கொடுத்தால், "உங்களுக்குத் தெரியாத வேலையா? நீங்களே பாத்துக்கோங்க" என்பார்கள். இரண்டு தெரு தள்ளி அதிகாரிகள் குடியிருப்பு. அங்கே அடைப்பு என்றால் அன்றைக்கே ஆள் போகும். போவதும் பெரியப்பாதான்.

பணியாளர் குடியிருப்புப் பராமரிப்பை நிதிப் பிரச்சினை, பொறியியல் பிரச்சினை என்கிறார்கள். எந்த வீட்டுக்கு ஆள் அனுப்புவது என்று முடிவு செய்வது சாதி. அதைப் பேசாமல் எந்தத் திட்டமும் நிலைக்காது.

சட்டம் இருந்தால் போதுமா? தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இலேயே வந்தது. வீடு கட்டித் தருவதும் பராமரிப்பதும் முதலாளியின் கடமை என்றது. வீடு இடிந்து தொழிலாளி செத்தால் இழப்பீடு தர வேண்டும் என்று பின்னால் சேர்த்தார்கள். கூடவே, இயற்கைச் சீற்றம் காரணம் என்றால் பொறுப்பில்லை என்று ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. 70 பேர் போனார்கள். அவர்களில் பலருக்குப் பூர்வீகம், நம் ஊரைப் போலவே வானம் பார்த்த கயத்தாறு வட்டாரம். மலை சரிந்தது இயற்கை. சரிவின் கீழே அவர்களைக் குடிவைத்தது யார்?

மாஞ்சோலையில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களும் 2024இல் விருப்ப ஓய்வுப் படிவத்தோடு வீட்டையும் இழக்கும் நிலைக்கு வந்தார்கள். 1929இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிகிறது. கம்பெனிக்குக் குத்தகை முடிந்தால் தொழிலாளிக்குக் கூரை முடிகிறது.

நகரங்களில் தூய்மைப் பணியை ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு குவார்ட்டர்ஸ் பேச்சே இல்லை. பழைய வீடுகளை ஏன் பழுது பார்க்கவில்லை என்று இப்போது புரிகிறதா? ஆளையே குறைக்கப் போகிறவர்கள் கூரையை ஏன் பூசுவார்கள்?

நாம் கேட்க வேண்டியது இதுதான். குடியிருப்புப் பராமரிப்புக்குத் தனி நிதி ஒதுக்கி, கணக்கை அந்த வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். எந்த வேலை முதலில் என்பதைப் பெண்கள் பாதிப் பேராவது உள்ள குடியிருப்போர் குழு சொல்ல வேண்டும். கழிவுத்தொட்டியை எந்திரம்தான் சுத்தம் செய்ய வேண்டும். எங்கள் வறண்ட பூமியில் மொட்டைமாடியில் விழும் மழை தொட்டிக்குப் போக வேண்டும். முக்கியமாக, ஓய்வு பெறுகிறவருக்குச் சொந்த மனையும் வீடும் வேண்டும். சேரிக்குள் அல்ல, ஊருக்குள்.

பெரியப்பா ஓய்வு பெற்றபோது சொந்தக் காசில் சுண்ணாம்பு வாங்கி, வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். "அடுத்து வாறவன் நம்ம ஆளுதானப்பா" என்றார். முப்பது வருடத்தில் அந்தச் சுவருக்கு நடந்த பராமரிப்பெல்லாம் அவர் கையால் நடந்ததுதான்.