பிள்ளைகளின் வாயைப் பூட்டுவதா மார்க்கக் கல்வி?

"சொன்னதைச் செய், கேள்வி கேட்காதே." நம் இல்லங்களிலும் மக்தப்களிலும் மார்க்கக் கல்வியின் முதற்பாடமே இதுவாகிவிட்டது. இதை ஒழுக்கம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்த முறையோ வேறு.

தம் மனைவி கறுப்பு நிறத்தில் ஒரு மகனைப் பெற்றிருப்பதாக ஐயத்தோடு ஒரு கிராமவாசி முறையிட்டார். நபியவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவரிடம் ஒட்டகங்கள் உண்டா என்றும், அவற்றின் நிறம் என்னவென்றும் வினவினார்கள். சிவப்பு என்றார் அவர். சாம்பல் நிறத்தவை உண்டா என வினவ, உண்டு என்றார். அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்றபோது, மூதாதை வழியில் வந்திருக்கலாம் என்று அவரே கூறினார். அவருடைய மகனின் நிறமும் அவ்வாறு வந்திருக்கலாமே! ஒரு பெண்ணின் மானத்தைத் தொடும் ஐயத்துக்கு, விடையை அவர் வாயாலேயே வரவழைத்தார்கள் நபியவர்கள்.

மற்றொரு முறை, இலையுதிராத, முஸ்லிமுக்கு உவமையான மரம் எதுவெனத் தோழர்களிடம் கேட்டார்கள். பேரீச்சை என்பது சிறுவயதினரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்குத் தோன்றியது. பெரியவர்கள் மௌனமாக இருந்ததால் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. பின்னர் இதையறிந்த தந்தை உமர் (ரலி), மகன் அதைச் சொல்லியிருந்தால் தமக்கு எதையும்விட மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்றார்கள். நம்மில் எத்தனை தந்தையர் இப்படிச் சொல்வோம்? பெரியவர்கள் சபையில் உனக்கென்ன பேச்சு என்றல்லவா அதட்டுவோம்?

கேள்விக்கு இடம் கொடுத்தால் பிள்ளைகள் வழிதவறுவர் எனச் சிலர் அஞ்சுகின்றனர். தொழுகையின் ரக்அத்துகளை எவரும் சிந்தித்துக் கண்டறிய முடியாது. குர்ஆனை மனனம் செய்தே ஆகவேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பொய் ஏன் தீது, வட்டி ஏன் விலக்கப்பட்டது, அண்டை வீட்டாருக்கு ஏன் உரிமை உண்டு என்பவற்றைப் பிள்ளை சிந்தித்து உணர வேண்டாமா? அடக்கப்பட்ட கேள்வி மடிவதில்லை. அது கைபேசியிடம் போகிறது. அங்கே விடை சொல்பவர் யாரென்று நமக்குத் தெரியாது.

ஆகவே பெற்றோரே, உஸ்தாதுமார்களே! பிள்ளை பொய் சொன்னால் பிரம்பைத் தேடுமுன், பிறர் உன்னிடம் பொய் சொன்னால் உனக்கு எப்படியிருக்கும் என்று கேளுங்கள். கேட்டபின் பொறுமையாகக் காத்திருங்கள். தானே கண்டடைந்த விடையைப் பிள்ளை எளிதில் கைவிடாது. அந்தப் பொறுமையை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!