பெயரின் வாலில் அரண்மனை

திருவிதாங்கூர் நாட்டுப் பிள்ளை, செண்பகராமன் முதலிய பட்டங்களைக் குலப்பெருமை என்று காக்கச் சொல்பவர்கள் அவற்றின் பிறப்பை மறந்துவிடுகிறார்கள். அந்நாட்டு அரண்மனை சேவைக்குக் கைம்மாறாக வழங்கிய விருதுகள் அவை. பிறகுதான் பரம்பரைச் சொத்தாயின. ஒரு கை பட்டம் சூட்ட, மறு கை பெயரையே பறித்தது. 1809இல் சாமித்தோப்பில் பிறந்த ஆண் குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். தாழ்த்தி வைக்கப்பட்ட வீட்டுக்கு முடி எதற்கு என்று மேல்சாதியினர் சீற, அது முத்துக்குட்டி என்று மாறியதாக அய்யாவழி மரபு சொல்கிறது. அவரே அய்யாவழியைத் தோற்றுவித்த அய்யா வைகுண்டர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் ஆட்சி அவரைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தது. பட்டத்தின் வரலாறு பேசுவோர் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

பட்டத்தை வெட்டினால் சாதி போய்விடுமா என்று கேட்கிறார்கள். போகாதுதான். ஆனால் வேலைக்கு விண்ணப்பிப்பவரின் முகத்தைப் பார்க்கும் முன்பே சாதியைக் காட்டிக்கொடுக்கும் வசதி போகும். வாடகைக்கு வீடு தேடி அலைபவருக்கு அது சின்ன விஷயமல்ல. முன்னோரின் நினைவு அழியும் என்ற கவலையும் நிற்காது. திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்து 1891இல் ‘மனோன்மணீயம்’ தந்த சுந்தரம் பிள்ளையை நெல்லைப் பல்கலைக்கழகம் சுந்தரனார் என்றே அழைக்கிறது. அவர் புகழில் குன்றிமணி அளவும் குறையவில்லை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பணியாற்றி, கிறித்தவராகித் தேவசகாயம் எனப் பெயர் பெற்ற நீலகண்ட பிள்ளை, 2022இல் வத்திக்கானில் புனிதர் பட்டம் பெற்றபோது பிள்ளை என்பதை நீக்கி, தேவசகாயம் என்றே அறிவிக்கப்பட்டார்.