நர்சுகள் சம்பளமும் தேவதைப் பட்டமும்

வருஷந்தோறும் மே மாதம் 12-ந் தேதி வந்தால் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஒரு சடங்கு நடக்கின்றது. அது பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்னும் இங்கிலீஷ் மாது பிறந்த நாளாம். அன்று நர்சுகளை வரிசையாக நிறுத்தி, கையில் மெழுகுவர்த்தி கொடுத்து, மந்திரியோ கலெக்டரோ ஆஸ்பத்திரி முதலாளியோ எழுந்து, "நீங்கள் மனிதப் பிறவிகளல்ல, தேவதைகள், உங்கள் தொண்டுக்கு விலையே கிடையாது" என்று பேசுவார்கள். விலையே கிடையாது என்று சொல்வதில் மாத்திரம் அவர்கள் உண்மை பேசுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். ஏனெனில், நர்சுகளில் பெரும்பாலோருக்கு அவர்கள் கொடுக்கும் சம்பளத்தை விலை என்று சொல்ல யாருக்கும் நா வராது.

இந்தச் சம்பளம் எப்படி இருக்கிறதென்று சற்றுப் பார்ப்போம். மத்திய சர்க்காரின் 7-வது ஊதியக் குழுவின்படி, டில்லி எய்ம்ஸ் போன்ற ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரும் நர்சுக்கு 2016 முதல் அடிப்படைச் சம்பளம் மாதம் 44,900 ரூபாய். பஞ்சப்படியும் வீட்டு வாடகைப்படியும் அதற்கு மேல். அதற்கு முந்திய வருஷம், அதாவது 2015-ல், நம் தமிழ்நாட்டு சர்க்கார் பரீட்சை வைத்துப் பொறுக்கியெடுத்து, ஒப்பந்தத்தின் பேரில் ஆயிரக்கணக்கான நர்சுகளை வேலைக்கு வைத்தது. அவர்களுக்குக் கொடுத்த மொத்தச் சம்பளம் மாதம் 7,700 ரூபாய். பிறகு அது 14,000 ஆயிற்று. பிறகு 18,000 ஆயிற்று. கேரளத்திலோ, 2018-ல் தனியார் ஆஸ்பத்திரி நர்சுக்குக்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று சர்க்கார் உத்தரவே போட்டுவிட்டது.

டில்லி நர்சு போடும் ஊசிக்கும் தர்மபுரி நர்சு போடும் ஊசிக்கும் என்ன வித்தியாசம்? டில்லியில் ரத்தம் சிவப்பாகவும் தர்மபுரியில் வெளுப்பாகவும் இருக்கிறதா? இரண்டு பேரும் படித்த பாடத்திட்டம் ஒன்று. 1947-ம் வருஷத்து இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின்படி அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் படித்துத் தேறியவர்கள்தான் இருவரும். அப்படியிருக்க ஒருத்திக்கு 44,900, மற்றொருத்திக்கு 7,700 என்றால் இதன் இரகசியம் என்ன என்று கேட்கின்றோம்.

கேட்டால் சமாதானம் தயாராக இருக்கிறது. "ஊருக்கு ஊர் செலவு வேறு, ஆகவே சம்பளமும் வேறு" என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. சென்னையில் ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகையில் கிராமத்தில் ஒரு வீடே கிடைக்கும். அதற்காகத்தான் மத்திய சர்க்கார் 50 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரம், 5 லட்சத்துக்கு மேல் உள்ள நகரம், மற்ற ஊர்கள் என்று மூன்றாகப் பிரித்து வீட்டு வாடகைப்படி கொடுக்கின்றது. ஆனால் அந்தப்படி ஆரம்பத்தில் அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 24, 16, 8 என்றுதான் இருந்தது. அதாவது ஊர்ச் செலவு என்கிற காரணத்துக்கு சர்க்காரே போட்ட விலை நூற்றுக்குப் பதினாறு பாகம் வித்தியாசம். அப்படியானால் ஒன்றுக்கு ஆறு என்கிற வித்தியாசம் எங்கேயிருந்து வந்தது? அரிசியும் எரிவாயுவும் பஸ் கட்டணமும் தர்மபுரியில் ஆறில் ஒரு பங்குக்கா கிடைக்கின்றன?

அல்லாமலும், கிராமத்து நர்சின் வேலை பட்டணத்து நர்சின் வேலையைவிட இலேசானதா என்றால் அதுவுமில்லை. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இரவும் பகலும் திறந்திருக்கின்றன என்று உலகமெல்லாம் நம்மைப் பாராட்டுகின்றது. அப்படித் திறந்து வைத்திருப்பது யார்? மூன்று நர்சுகள் முறைபோட்டுக்கொண்டு காத்திருப்பதால்தான் அது நடக்கின்றது. இரவு இரண்டு மணிக்கு வலியெடுத்து வரும் உழவன் மனைவிக்குப் பக்கத்தில் நிற்பவள் ஒரு நர்சு. பட்டணத்து ஆஸ்பத்திரியில் கூப்பிட்ட குரலுக்கு நாலு டாக்டர்கள் ஓடி வருவார்கள். இங்கே அவள் கூப்பிட்டால் சுவர்தான் எதிரொலிக்கும். பொறுப்பு எங்கே அதிகமோ அங்கே கூலி குறைவு என்பது எந்தத் தர்மசாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ தெரியவில்லை.

தர்மசாஸ்திரம் என்றதும் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கிராமங்களில் பிள்ளைப்பேறு பார்த்து வந்தவள் யார்? நாவிதர் குலத்து மருத்துவச்சி. அவள் கை வைத்தால்தான் மேல்சாதிக் குழந்தையும் இந்தப் பூமிக்கு வரும். ஆனால் குழந்தை வந்த மறு நிமிஷம் அவள் தீட்டுக்காரி. அவளுக்குக் கூலி படி நெல்லும் பழம் புடவையும். நல்ல நேரம் குறித்துக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பஞ்சாங்கக்காரனுக்கோ தட்சிணையும் புது வேஷ்டியும். ரத்தத்தையும் மலத்தையும் தொட்டுச் செய்யும் வேலை இழிவானது, தொடாமல் தூரத்திலிருந்து மந்திரம் சொல்லும் வேலை உயர்ந்தது என்கிற இந்தப் புத்திதான் இன்றைக்கும் நர்சின் சம்பளத்தை நிர்ணயிக்கின்றது. அந்தக் காரணத்தினால்தான் ஒரு காலத்தில் "உயர்ந்த" குடும்பத்துப் பெண்களை இந்த வேலைக்கு அனுப்பாமல், கிறிஸ்தவப் பெண்களையும் ஆங்கிலோ-இந்தியப் பெண்களையும் கொண்டே ஆஸ்பத்திரிகளை நடத்தினார்கள். பெண்கள் வேலை என்பதால் பாதி மட்டம், தீட்டு வேலை என்பதால் மீதி மட்டம்.

நிற்க, கேரளத்தில் மாத்திரம் 20,000 எப்படி வந்தது? மலையாளத்து முதலாளிகளுக்கு இரக்கம் அதிகமா? அப்படி ஒன்றுமில்லை. 2011-ம் வருஷம் வரையில் அங்கும் தனியார் ஆஸ்பத்திரி நர்சுகள் அற்பச் சம்பளத்திற்குத்தான் உழைத்தார்கள். வேலையை விட்டுப் போகாதிருக்கும்படி சர்டிபிகேட்டைப் பறித்து வைத்துக்கொள்ளும் கொத்தடிமை வழக்கமும் இருந்தது. ஆனால் 1960-களில் ஜெர்மனிக்கும், 1970-களுக்குப் பிறகு அரபு நாடுகளுக்கும் போய் வந்த மலையாளத்து நர்சுகள் தங்கள் கைகளுக்கு உலகத்தில் என்ன விலை என்று தெரிந்துகொண்டார்கள். ஊரில் இருந்த தங்கைகளும் அதைக் கேட்டார்கள். 2011-ல் சங்கம் கூடினார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். 2017 ஜூலையில் முதல் மந்திரியே 20,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒப்புக்கொண்டும் இழுத்தடித்தார்கள், முதலாளிகள் கோர்ட்டுக்கும் போனார்கள். 2018 ஏப்ரலில் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தே வருகிறோம் என்று நர்சுகள் கிளம்ப இருந்தார்கள். அந்த நடைப்பயணத்துக்கு முன்னாலேயே சர்க்கார் உத்தரவு வெளிவந்துவிட்டது. இத்தனை வருஷம் பிரார்த்தனையினால் வராதது, நடக்கப் போகிறோம் என்று சொன்ன மாத்திரத்தில் வந்தது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

பணக்கார நாடான அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 1965-ல் கொலராடோ சர்வகலாசாலையில் லொரெட்டா போர்டு என்ற நர்சும் ஹென்றி சில்வர் என்ற டாக்டரும் சேர்ந்து ஒரு புதுப் படிப்பை ஆரம்பித்தார்கள். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதவும் தகுதி பெற்ற நர்சுகளை உண்டாக்குவது அதன் நோக்கம். இவர்களை நர்சு பிராக்டிஷனர் என்கிறார்கள். 2022-ம் வருஷத்துக் கணக்குப்படி, இவர்களுக்குக் கலிபோர்னியாவில் சராசரியாக வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் சம்பளம். டென்னசியில் சுமார் ஒரு லட்சம் டாலர். ஒரே நாடு, ஒரே படிப்பு! வாடகை வித்தியாசம் ஒரு காரணம்தான். ஆனால் கலிபோர்னியாவில் நர்சுகளின் சங்கம் பலமானது. ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிக்கு மேல் ஒப்படைக்கக்கூடாது என்று 2004 முதல் அங்கே சட்டத்தையே அமலுக்குக் கொண்டு வந்தவர்கள் அவர்கள். டென்னசியிலோ தொழிற்சங்கத்துக்குப் பலமில்லை.

அந்நாட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில மாநிலங்களில் இந்த நர்சு தானாகவே வைத்தியம் பார்க்கலாம். வேறு சில மாநிலங்களில் ஒரு டாக்டருடன் ஒப்பந்தம் இருந்தால்தான் பார்க்கலாம். அங்கே தனியாக வைத்தியசாலை வைத்திருக்கும் நர்சு பலர், நோயாளியின் முகத்தையே பாராத டாக்டருக்கு மாதாமாதம் கப்பம் கட்ட வேண்டியிருக்கிறது. கலியாணம் செய்துகொள்பவர்கள் இருவர் இருக்க, நடுவில் புரோகிதன் தட்சிணை வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எந்தத் தேசமானாலும் தரகன் ஒருவன் நடுவில் உட்கார்ந்தால், உழைக்கிறவன் கூலியில்தான் அவன் சாப்பாடு.

நம் நாட்டிலும் 2017-ஐ ஒட்டி இந்திய நர்சிங் கவுன்சில், ஆபத்தான நிலையிலுள்ள நோயாளிகளைப் பார்ப்பதற்கென்று நர்சு பிராக்டிஷனர் படிப்பைத் தொடங்கிற்று. பட்டம் பெற்று அனுபவமும் அடைந்த நர்சு மேலும் இரண்டு வருஷம் படிக்க வேண்டும். படித்து முடித்து வந்தால் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் அதற்கென்று தனிப் பதவியில்லை, தனிச் சம்பளமில்லை. பழைய வார்டிலேயே பழைய சம்பளத்திலேயே நிற்க வேண்டியதுதான். படிப்பு வேண்டுமாம், உத்தியோகம் வேண்டாமாம்!

சட்டம் பேசவில்லையா என்றால் நன்றாகப் பேசியிருக்கிறது. 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னதன் பேரில் மத்திய சர்க்கார் ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் ஆஸ்பத்திரி, சர்க்கார் நர்சுக்குச் சமமான சம்பளம் கொடுக்க வேண்டும்; 100-க்கு மேற்பட்டது நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைக்கக்கூடாது; 50 முதல் 100 வரை உள்ளது நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் குறைக்கக்கூடாது; 50-க்குக் கீழுள்ளதும் 20,000-க்குக் குறையக்கூடாது என்று அக்குழு சிபார்சு செய்தது. அதே வருஷம் அக்டோபரில், தற்காலிக ஊழியரானாலும் சம வேலைக்குச் சம ஊதியம் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பும் சொல்லிற்று. ஆனால் ஆஸ்பத்திரி விவகாரம் மாநில சர்க்கார்களின் அதிகாரத்தில் இருக்கின்றது. டில்லியிலிருந்து சிபார்சுதான் வரும். உத்தரவு போட வேண்டியது அந்தந்த மாநிலம். எந்த மாநிலத்தில் நர்சுகள் கூடி நின்றார்களோ அங்கே சிபார்சு சம்பளமாயிற்று. மற்ற இடங்களில் காகிதமாகவே இருந்தது.

தமிழ்நாட்டு நர்சுகள் சும்மா இருந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. 2017 நவம்பரில் அந்த 7,700 ரூபாய் நர்சுகள் ஆயிரக்கணக்கில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஹைகோர்ட்டு வேலைநிறுத்தத்துக்குத் தடை போட்டது. பிறகு 2020-ல் கொரோனா வந்தது. மார்ச்சு 22-ந் தேதி தேசமே தட்டையும் மணியையும் தட்டிற்று. மே 3-ந் தேதி ஹெலிகாப்டரிலிருந்து ஆஸ்பத்திரிகள் மேல் பூமாரி பொழிந்தார்கள். அந்தக் கொரோனா வேலைக்கென்று தமிழ்நாட்டில் ஒப்பந்தத்தில் எடுத்த நர்சுகளில் 2,000-க்கு மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கூச்சல் கிளம்பிய பிறகு மாற்று வேலை தருவதாகச் சொன்னார்கள். பூமாரி பெய்த தலையில் வேலை நீக்க உத்தரவும் விழுந்தது. ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும் ஒப்பந்தம் என்கிற தந்திரம் மாத்திரம் மாறுவதில்லை.

வாசகர்களாகிய நம்மையும் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டாமா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறோம். இரவெல்லாம் விழித்து மருந்து கொடுத்தவள் நர்சு. பிள்ளை பிழைத்ததும் நாம் மொட்டை போடுவது எங்கே? காசு போடுவது எந்த உண்டியலில்? நர்சம்மாவுக்கு ஒரு "ரொம்ப நன்றி சிஸ்டர்". மலை மேலிருக்கும் கல்லுக்கு ஆயிரம் ரூபாய். அதே வாய், பெண் பார்க்கப் போகும்போது, "பெண் நர்சாமே, இராத்திரி வேலையாமே" என்று இழுக்கிறது. இந்த லட்சணத்தில் முதலாளி சம்பளத்தைக் குறைத்தான் என்று அவனை மாத்திரம் திட்டினால் போதுமா?

அன்றியும் இது நர்சுகளின் வயிற்றுப் பிரச்சினை மாத்திரமல்ல. ஒருத்தி செய்ய வேண்டிய வேலைக்குப் பாதிக்கூலி கொடுத்து, நாலு பேர் பார்க்க வேண்டிய வார்டை அவள் தலையில் கட்டினால், அவள் கண் அசரும் நேரத்தில் போவது நம் வீட்டு உயிர்.

ஆகவே, நாம் கேட்பது இவ்வளவுதான். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். ஊர்ச் செலவு வித்தியாசத்துக்கு வாடகைப்படி போதும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்சு என்கிற சாதியே இருக்கக்கூடாது. தனியார் ஆஸ்பத்திரிக்கு 2016-ம் வருஷத்துச் சிபார்சைத் தமிழ்நாட்டு சர்க்கார் இக்காலத்து விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி உத்தரவாகப் போட வேண்டும். மேற்படிப்பு படித்த நர்சுக்குப் பதவியும் அதிகாரமும் வேண்டும். 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெண்களுக்கு எல்லா உத்தியோகத்திலும் சம உரிமை கேட்ட இயக்கம், இந்தப் பெண்களுக்காகப் பேசாமல் வேறு யாருக்காகப் பேசுவது?

நர்சுத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்த நைட்டிங்கேல் பேரால் உங்களுக்கு மெழுகுவர்த்தி கொடுக்கிறார்களோ, அந்த அம்மாள் தேவதையாக இருந்து காரியம் சாதிக்கவில்லை. யுத்தத்தில் காயத்தால் எத்தனை பேர் செத்தார்கள், ஆஸ்பத்திரி அசுத்தத்தால் எத்தனை பேர் செத்தார்கள் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை அதிகாரிகள் முகத்துக்கு நேரே நீட்டிக் காரியம் சாதித்தவர் அவர். நீங்களும் அடுத்த மே 12-ந் தேதி மேடைக்குப் போகும்போது மெழுகுவர்த்தியை வீட்டில் வைத்துவிட்டு, சம்பளச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். தேவதை என்று எவராவது ஆரம்பித்தால், "ஐயா, தேவதைக்குப் பசிக்காது, எங்களுக்குப் பசிக்கிறது" என்று சொல்லி அந்தச் சீட்டைப் படித்துக் காட்டுங்கள்.