படிக்கும் பொடியனுக்கு லீவு கொடுத்தால் நட்டமா?

மச்சானின் மகன் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறான். அங்கேயே உதவியாளராகவும் வேலை. வாரத்துக்கு 20 மணித்தியாலம். போன பெருநாளைக்கு ஏன் வரவில்லை என்று தொலைபேசியில் கேட்டேன். "மாமா, பிள்ளைகளுக்குத்தான் விடுமுறை. எனக்குக் கிடைப்பது பேராசிரியரின் மனசைப் பொறுத்தது" என்றான்.

பெரிய படிப்புக்காரர்களுக்கும் இந்த நிலைதானா என்று யோசித்தேன். இவர்கள் மாணவர்களா, ஊழியர்களா என்ற வழக்கு அந்த நாட்டில் நெடுங்காலம் நடந்திருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழக விவகாரத்தில், இவர்களும் ஊழியர்களே என்று அந்நாட்டுத் தேசிய தொழில் உறவுகள் சபை 2016 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2022 நவம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சுமார் 48,000 கல்விசார் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் இப்படிப் படித்துக்கொண்டே வேலை செய்பவர்கள்.

அமெரிக்காவின் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். நம் கடைகளிலும் இதே ஆட்கள் இருக்கிறார்கள். பகலில் துணி வெட்டுகிறான், இரவில் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிறான். ஒருவன் கணக்கியல் பரீட்சைக்கு ஆயத்தமாகிறான், இன்னொருவன் திறந்த பல்கலைக்கழகத்தில் பதிந்திருக்கிறான். அவனுடைய லீவும் முதலாளியின் மனசைப் பொறுத்ததுதான்.

நான் செய்த பிழையையும் சொல்கிறேன். என் கடையில் நாலு வருடம் நின்ற ஒரு பொடியன். கை சுத்தம். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே எந்தத் தட்டில் துணி எடுக்க வேண்டும் என்று தெரிந்தவன். ஒரு முறை அவனுடைய பரீட்சை பெருநாளுக்கு முந்திய வாரத்தில் விழுந்தது. நாலு நாள் லீவு கேட்டான். கடை நிறையச் சனம். "கடையா, பரீட்சையா? நீயே முடிவெடு" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அளவு நாடாவை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு வரவில்லை.

நாலு நாள் லீவை மறுத்து நான் இலாபமா பார்த்தேன்? மூன்று மாதத்தில் இரண்டு பேரை மாற்றினேன். ஒருவன் பில்லில் பிழை விட்டான், மற்றவன் சொல்லாமல் நின்றுவிட்டான். பழைய வாடிக்கையாளர்கள் "அந்தத் தம்பி எங்கே?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். நாலு நாள் சம்பளத்தை இந்த நட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதன் பிறகுதான் தேடிப் பார்த்தேன். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு. முதல் வருடம் கழிந்து முழு உரிமை வந்த பிறகு வருடாந்த லீவு 14 நாள், அதில் 7 நாளைத் தொடர்ச்சியாகக் கொடுக்க வேண்டும். அமைய லீவு 7 நாள். முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் வீதம் அமைய லீவு உண்டு. பரீட்சைக்கென்று தனி லீவு இந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் உள்ளதையே நம்மில் எத்தனை பேர் ஒழுங்காகக் கொடுக்கிறோம்? அந்த ஒன்றரை நாளைக் கொடுத்தாலே வார இறுதி வகுப்புப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும்.

"படிக்க விட்டால் பட்டம் எடுத்துக்கொண்டு போய்விடுவானே" என்று ஒரு வர்த்தக நண்பர் சொன்னார். போவான்தான். படிக்காதவனும் ஐநூறு ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த கடைக்குப் போகிறான். படிக்கிறவன் பட்டம் முடியும் வரையாவது ஓர் இடத்தில் நிலையாக நிற்பான். அந்த மூன்று நாலு வருடம் நமக்குப் பெரிய விஷயம்.

இப்போது என் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். படிக்கிறவர்கள் பரீட்சைத் திகதி தெரிந்த உடனேயே அறிவிக்க வேண்டும். சட்டப்படியான லீவில் முதலில் கழிக்கலாம். போதாவிட்டால் பரீட்சை எழுதும் நாட்களுக்கு மட்டும் வருடத்தில் 5 நாள் வரை சம்பளத்தோடு மேலதிக லீவு, அனுமதி அட்டையைக் காட்ட வேண்டும். அதற்கு மேல் போனால் சம்பளமில்லாத லீவு. இதெல்லாம் நியமனக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறது. படிக்காதவர்கள் முணுமுணுக்கக் கூடாதே என்பதற்காக, பிள்ளையின் நோய், வீட்டில் கலியாணம் போன்ற தேவைகளுக்கு அவர்களுக்கும் அதே 5 நாள்.

இரண்டே பேர் நிற்கும் சிறிய கடைக்கு இது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் 5 நாளை 2 நாளாக்கிக் கொள்ளட்டும். எத்தனை நாள் என்பதை விட, முன்கூட்டியே எழுத்தில் இருப்பதுதான் முக்கியம். பொடியன் கெஞ்ச வேண்டியதில்லை, பெருநாள் நெரிசலில் முதலாளி கோபப்பட்டு முடிவெடுக்க வேண்டியதுமில்லை.

அன்று போன பொடியன் இன்று எனக்குச் சரக்குத் தரும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறான். கண்டால் மரியாதையாக ஸலாம் சொல்கிறான். அந்தப் பரீட்சையை எழுதினாயா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.